கூடிய கப்பல்களும் கூடாத உள்ளங்களும்

 

காலித் துறையையும் கொழும்புத் துறையையும் முதன்முதலாகக் கண்ட போர்த்துக்கேயத் தளபதி லொரென்சோ த அல்மேதா என்பதை நாம் பாடசாலை வரலாற்று நூல்களிலே படித்திருக்கின்றோம். அவர் வந்தது 1505இலா, 1506இலா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவரது ஆட்களைச் சுற்றுவழியாகக் கோட்டே அரசனிடம் அழைத்துச் சென்ற கதையிலிருந்து பிறந்த "பரங்கி கோட்டேக்குப் போனது போல" என்னும் பேச்சு சிங்கள மக்களின் நாவில் இன்றும் வழங்குகின்றது. ஆனால் அந்தத் தளபதி இங்கிருந்து சென்ற பின்னர் என்ன ஆனார் என்பதை நம்மிற் பலர் அறிந்திருக்கமாட்டோம். 1508 மார்ச் மாதத்தில், இன்றைய மும்பைக்குத் தெற்கேயுள்ள சௌல் துறைமுகத்தில், எகிப்திலிருந்து வந்த கடற்படையுடன் நிகழ்ந்த போரில் அவர் கொல்லப்பட்டார். அவரை வென்ற அதே கடற்படை பதினொரு மாதங்கள் கழித்து டியூ துறைமுகத்தில் அடியோடு அழிந்தது.

எகிப்தின் கப்பல்கள் ஏன் இந்தியக் கரைக்கு வந்தன? வென்றவர்கள் ஓராண்டுக்குள் ஏன் தோற்றார்கள்? இவ்விரு கேள்விகளையும் உங்களோடு சேர்ந்து சற்று ஆராயவே இக்கட்டுரை.

முதலில் மிளகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலபாரின் மிளகும் இலங்கையின் கறுவாவும் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களில் செங்கடலுக்குள் சென்று, ஜித்தாவில் சுங்கம் செலுத்தி, கெய்ரோ வழியாக அலெக்சாந்திரியாவை அடையும். அங்கே வெனிஸ் நகரத்துக் கிறிஸ்தவ வணிகர்கள் அவற்றை வாங்கி ஐரோப்பா முழுவதும் விற்பார்கள். மக்கா, மதீனா ஆகிய இரு புனித நகரங்களின் காவலராகவும் விளங்கிய எகிப்தின் மம்லூக் ஸுல்தானுடைய கருவூலத்துக்கு இவ்வழி பெரும் வருவாயைத் தந்தது. 1498 மே மாதத்தில் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு அருகே நங்கூரமிட்டபோது இந்த வழிக்கே ஆபத்து வந்தது. கப்பலை நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நேரே லிஸ்பனுக்குச் செலுத்த முடியுமாயின், ஜித்தாவும் கெய்ரோவும் வெனிஸும் எதற்கு?

போர்த்துக்கேயர் வணிகம் செய்ய மட்டும் வந்திருந்தால் ஒரு வணிகரோடு இன்னொரு வணிகர் போட்டியிடுவதாக அது முடிந்திருக்கும். அவர்களோ கடல் முழுவதையும் தமக்கே உரித்தாக்க முனைந்தார்கள். 1500இல் கப்ரால் கள்ளிக்கோட்டை நகரின் மீது பீரங்கிகளால் சுட்டார். 1502இல் வாஸ்கோ ட காமா தமது இரண்டாவது பயணத்தின்போது, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 'மீரி' என்னும் கப்பலை வழிமறித்துக் கொள்ளையிட்ட பின்னர், அதிலிருந்த நூற்றுக்கணக்கான ஆண்களோடும் பெண்களோடும் சிறுவர்களோடும் சேர்த்துத் தீயிட்டார். இச்செய்தியை எழுதி வைத்தவர்களுள் அவருடைய கப்பற்படையிலேயே பயணம் செய்தவர்களும் இருக்கின்றார்கள். 1505இல் லொரென்சோவின் தந்தை பிரான்சிஸ்கோ த அல்மேதா முதலாவது இராசப் பிரதிநிதியாக வந்து கோட்டைகள் கட்டத் தொடங்கினார். மலபாரைத் தவிர்த்து மாலைதீவு வழியாகச் சென்ற முஸ்லிம் கப்பல்களைப் பிடிக்கத் தம் மகனை அனுப்பினார். அப்பயணத்தில் காற்றினால் திசைமாறியே லொரென்சோ நமது கரைக்கு வந்து சேர்ந்தார்.

அரபுக் கல்லூரிகளில் ஃபத்ஹுல் முஈன் ஓதியவர்கள் அதன் ஆசிரியர் ஸைனுத்தீன் மக்தூம் அவர்களை மலபாரின் ஃபிக்ஹ் அறிஞராகவே அறிவார்கள். அவரே துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் நூலையும் எழுதி, பீஜப்பூர் ஸுல்தான் அலீ ஆதில் ஷாவுக்கு அர்ப்பணித்தார். அக்காலத்து மலபார் முஸ்லிம்கள் பட்ட துயரங்களை அரபியில் அறிய விரும்பும் மாணவர் அந்நூலையே முதலில் எடுக்க வேண்டும். வுழூவின் சட்டங்களை எழுதிய பேனாவே போரின் வரலாற்றையும் எழுதியது என்பதை நமது மாணவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

கள்ளிக்கோட்டையின் அரசர் சாமூதிரி ஓர் இந்து மன்னர். அவரது துறைமுகத்தின் செழிப்பு முஸ்லிம் வணிகர்களால் வந்தது. குஜராத்தின் ஸுல்தான் மஹ்மூத் பேகடாவின் செல்வமும் கடல் வணிகத்தையே சார்ந்திருந்தது. இவர்களிடமிருந்தும் யெமனிலிருந்தும் கெய்ரோவுக்கு முறையீடுகள் சென்றன. அங்கே 1501 முதல் ஆட்சி செய்தவர் ஸுல்தான் கான்ஸூ அல்கூரி. அவர் உடனே கப்பலைக் கட்டத் தொடங்கவில்லை. 1504இல் ஒரு கிறிஸ்தவத் துறவியைப் பாப்பரசர் இரண்டாம் ஜூலியஸிடம் அனுப்பி, போர்த்துக்கேயரைக் கட்டுப்படுத்தாவிடில் ஜெரூஸலத்தின் கிறிஸ்தவத் தலங்களுக்கு ஆபத்து நேரும் என எச்சரித்தார். போர்த்துக்கல் மன்னர் அதனைப் பொருட்படுத்தவில்லை. வெனிஸ் அரசும் அதே ஆண்டில் பிரான்செஸ்கோ தெல்தி என்னும் தூதரை நகை வணிகர் வேடத்தில் கெய்ரோவுக்கு அனுப்பி, ஏதேனும் செய்யுமாறு ஸுல்தானைத் தூண்டியது.

இளைஞர்களே, இங்கே சற்று நில்லுங்கள். இக்கூட்டணியை இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் இடையிலான போர் என்று சிலர் மேடைகளில் வருணிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கிறிஸ்தவ வெனிஸ் மம்லூக்கியர் பக்கம் நின்றது. இந்து மன்னரான சாமூதிரி அவர்களோடு நின்றார். மறுபுறத்தில் போர்த்துக்கேயருக்கு முதன்முதலில் உறுதியான தளம் அமைத்துக் கொடுத்தவர் சாமூதிரியின் மேலாதிக்கத்தை வெறுத்த கொச்சி மன்னர். கொச்சியின் மரைக்காயர் வணிகர் சிலரே தொடக்கத்தில் அவர்களுக்கு மிளகு திரட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் நலனைக் கணக்கிட்டே பக்கம் சேர்ந்தனர். இதை விளங்காமல் டியூவில் நடந்ததை விளங்க முடியாது.

ஸுல்தான் கப்பல் கட்ட முடிவு செய்தபோது முதலில் எழுந்த தடை மரம். எகிப்தில் பேரீச்சை உண்டு. கடற்கப்பலுக்கு வேண்டிய வலிய மரம் இல்லை. கருங்கடல் பகுதியிலிருந்து மரம் கொண்டுவர வேண்டியிருந்தது. வழியில் ரோட்ஸ் தீவைத் தளமாகக் கொண்ட கிறிஸ்தவப் போர்வீரர் சபையினர் அதிற் பெரும் பங்கைக் கைப்பற்றினார்கள். தப்பி வந்த மரம் ஒட்டகங்களின் முதுகில் ஏற்றப்பட்டு, பாலைவனத்தைக் கடந்து ஸுயஸ் சென்று, அங்கே கப்பலாக இணைக்கப்பட்டது. திட்டமிட்டதிற் சிறு பகுதியே கடலில் இறங்கியது. ஒரு வல்லரசு தனது கடற்படைக்கான பலகையைக் கூட இன்னொருவருடைய காட்டிலிருந்தும் மூன்றாமவருடைய கடல்வழியாகவும் பெற வேண்டியிருந்தது என்றால், அதன் ஆயத்தம் எந்நிலையில் இருந்தது என்பதை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடை ஆட்கள். மம்லூக்கியர் குதிரைப் படையினர். தாத்தாரியரை அய்ன் ஜாலூத்தில் வென்ற பெருமைக்குரியவர்கள். வாளும் ஈட்டியும் வில்லும் அவர்களுக்குக் கலை மட்டுமல்ல, மானமுமாக இருந்தன. துப்பாக்கியையும் பீரங்கியையும் அவர்கள் இழிவாகவே நோக்கினார்கள். குதிரை ஏற முடியாத கப்பலுக்கு அவர்களில் எவரும் ஆசைப்படவில்லை. எனவே கடற்படைக்கு மஃக்ரிப் நாட்டவர், துருக்கமானியர், கறுப்பின வில்லாளர் எனப் பல தரத்தாரும் திரட்டப்பட்டனர். மொத்தம் ஏறத்தாழ 1100 பேர். தலைவர் அமீர் ஹுஸைன் அல்குர்தி.

1505 நவம்பரில் ஸுயஸிலிருந்து புறப்பட்ட இப்படை டியூவை அடைந்தது எப்போது தெரியுமா? 1507இல். காற்று வாய்த்தால் ஓரிரு மாதங்களில் முடியக்கூடிய பயணத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. வழியிலே ஜித்தாவுக்கு மதில் கட்ட வேண்டியிருந்தது. ஹிஜாஸ் பகுதியிலும் ஸுவாகினிலும் கலகங்களை அடக்க வேண்டியிருந்தது. கமரான் தீவிலே பருவக்காற்றுக்காகக் காத்திருந்தார்கள். ஏடனில் உள்ளூர் அரசியலில் சிக்கிக்கொண்டார்கள். எதிரி கொச்சியில் கோட்டையைப் பலப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது.

ஆயினும் முதற் போரில் வெற்றி கிட்டியது. 1508 மார்ச்சில் லொரென்சோ கொச்சி வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்று சௌல் ஆற்று முகத்தில் நின்றிருந்தார். அமீர் ஹுஸைனின் கப்பல்கள் அங்கே நுழைந்தன. பின்னர் டியூவின் ஆளுநர் மலிக் அயாஸ் தமது இலகுவான படகுகள் ஏறத்தாழ நாற்பதுடன் வந்து சேர்ந்தார். போர்த்துக்கேயர் பின்வாங்க முயன்றபோது லொரென்சோவின் கப்பல் குண்டடிபட்டு நீர் புகுந்து, மீனவர்கள் நட்டிருந்த கம்பங்களில் சிக்கிக்கொண்டது. காலில் காயமடைந்த அவர், தம்மைப் பாய்மரத்தின் அடியில் இருத்துமாறு கூறி, அங்கிருந்தே போரை நடத்தியதாகப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். எதிரியின் வீரத்தையும் மறைக்காமல் சொல்வதே நீதி. இன்னொரு குண்டு அவரைக் கொன்றது. கெய்ரோவில் மகிழ்ச்சி பொங்கியது.

ஆனால் சௌலில் கொல்லப்பட்டவர் இராசப் பிரதிநிதியின் ஒரே மகன். அவருக்குப் பதிலாகப் பதவியேற்க அல்புகெர்க்கே வந்து நின்றபோதும், மகனுக்காகப் பழிவாங்காமல் பதவியை ஒப்படைக்கத் தந்தை மறுத்துவிட்டார். 1508 டிசம்பர் இறுதியில் தாபோல் நகரை எரித்து, அங்கிருந்து டியூவை நோக்கிச் சென்றார்.

இப்போது மலிக் அயாஸின் நிலையை எண்ணிப் பாருங்கள். அடிமையாக வாழ்வைத் தொடங்கி, ஸுல்தான் மஹ்மூத் பேகடாவின் நம்பிக்கையைப் பெற்று, டியூவைக் குஜராத்தின் தலைசிறந்த துறைமுகங்களில் ஒன்றாக வளர்த்தவர் அவர். அமீர் ஹுஸைன் தோற்றால் கப்பலேறிச் செங்கடலுக்குப் போய்விடலாம். சாமூதிரியின் படகுகள் தெற்கே திரும்பிவிடலாம். டியூ எங்கே போகும்? குஜராத் ஸுல்தானின் அரசோ நிலத்திலே வேரூன்றியது. கரையோரத்து ஆளுநர் ஒருவரின் நகருக்காக அவர் தமது பெரும்படையை அனுப்புவார் என்ற உறுதி எங்கும் இல்லை. தோற்றால் யார் யாருக்கு ஈடு செய்வார், வென்றால் துறைமுகச் சுங்கம் யாருக்கு என்பவை பற்றி இக்கூட்டணியினரிடையே எந்த உடன்பாடும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே மலிக் அயாஸ் இரு பக்கமும் கதவைத் திறந்து வைத்தார். சௌலில் பிடிபட்ட போர்த்துக்கேயக் கைதிகளை நன்றாகப் பராமரித்தார். மகனை இழந்த தந்தைக்கே கடிதம் எழுதி, அவனது வீரத்தைப் புகழ்ந்தார்.

1509 பெப்ரவரி 3ஆம் திகதி, ஹிஜ்ரி 914இல், டியூவின் முன்னால் பதினெட்டுப் போர்த்துக்கேயக் கப்பல்கள் நின்றன. அமீர் ஹுஸைன் திறந்த கடலுக்குச் சென்று தாக்க விரும்பினார். மலிக் அயாஸ் அதற்கு இணங்கவில்லை. வெளியே போகும் விருந்தாளி வெளியேயே போய்விடக்கூடும் என்ற அச்சம் அவருக்கு. கரைப் பீரங்கிகளின் நிழலில், துறைமுகத்துக்குள்ளேயே கப்பல்களைக் கட்டி நிறுத்தினார்கள். எண்ணிக்கையிற் கூட்டணியே பெரிது: எகிப்தியரின் பெரிய கப்பல்கள், குஜராத்தியரின் கப்பல்கள், கள்ளிக்கோட்டையிலிருந்து வந்த எண்ணற்ற சிறு படகுகள். ஆனால் இந்துமாக் கடலின் கப்பல்களிற் பல ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. வணிகத்துக்கும் அலைக்கும் சிறந்தவை. தமது மேல்தளத்தில் கனத்த பீரங்கி அதிர்வதைத் தாங்காதவை. எகிப்தியரின் துடுப்புக் கப்பல்களோ முன்னும் பின்னும் மட்டுமே பீரங்கி வைக்கத்தக்கவை. போர்த்துக்கேயரின் கப்பல்கள் விலாப்புறம் முழுவதும் பீரங்கிகளைச் சுமந்து, நீர்மட்டத்தை ஒட்டிச் சுட்டன. நெருக்கமாக நின்ற கப்பல்கள் ஒன்றுக்கொன்று தடையாயின. அன்று மாலைக்குள் போர் முடிந்தது. அமீர் ஹுஸைன் காயத்தோடு கரையேறிக் குதிரையில் தப்பினார்.

மறுநாளே மலிக் அயாஸ் கைதிகளை ஒப்படைத்துச் சமாதானம் பேசினார். டியூவின் வணிகர்கள் மூன்று இலட்சம் பொற்காசுகள் செலுத்தினார்கள். கைப்பற்றப்பட்ட மம்லூக் கொடிகள் போர்த்துக்கல்லுக்கு அனுப்பப்பட்டன. பிடிபட்ட வீரர்கள் பலர் மிகக் கொடூரமாகக் கொல்லப்பட்டனர்.

மலிக் அயாஸ் துரோகி என்று கூறிக் கதையை முடித்துவிடுவது எளிது. பல நூல்கள் அப்படியே முடிக்கின்றன. நான் அதனை ஏற்கவில்லை. அதே மனிதர் 1522இல் மரணிக்கும் வரை டியூவைப் போர்த்துக்கேயர் கையில் விழவிடாமல் காத்தார். கோட்டை கட்ட இடம் கேட்டு வந்தவர்களைப் பேச்சினாலும், பேச்சு போதாதபோது பீரங்கியினாலும் திருப்பி அனுப்பினார். டியூவில் அவர்கள் கோட்டை கட்டியது 1535இல். அதற்கு இடம் கொடுத்தவர் குஜராத் ஸுல்தான் பஹாதுர் ஷாவே. முகலாயப் பேரரசர் ஹுமாயூனுக்கு எதிராக உதவி தேடிய நெருக்கடியில் அவர் அதைச் செய்தார். 1537இல் போர்த்துக்கேயரைச் சந்திக்கச் சென்றபோது கடலிலேயே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு உஸ்மானியத் தளபதி சுலைமான் பாஷா பெரும் கடற்படையுடன் டியூவை மீட்க வந்தார். வரும் வழியில் ஏடனின் ஆட்சியாளரை நட்புப் பாராட்டிக் கப்பலுக்கு அழைத்துத் தூக்கிலிட்டிருந்தார். அச்செய்தி குஜராத்துக்கு எட்டியதும், தமக்கும் அதே விருந்துதான் என அஞ்சிய குஜராத்தியர் அவருக்கு உணவுப் பொருள் கொடுப்பதை நிறுத்தினார்கள். முற்றுகை தோற்றது. அப்போது மலிக் அயாஸ் உயிரோடு இல்லை. குற்றத்தை யார் மீது சுமத்துவது?

அன்ஃபால் அத்தியாயத்தின் 60ஆவது வசனம் இயன்ற பலத்தை ஆயத்தப்படுத்துவதைப் பற்றிப் பேசுகின்றது. அதே அத்தியாயத்தின் 46ஆவது வசனம் பிணக்கினால் பலம் குன்றிப்போவதைப் பற்றி எச்சரிக்கின்றது. முதலாவதை மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கின்றோம். இரண்டாவதைக் கேட்பது குறைவு. டியூவில் இரண்டும் சேர்ந்தே தவறின.

கெய்ரோவில் ஸுல்தான் அல்கூரி பாடம் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1510இல் துப்பாக்கி ஏந்தும் புதிய படைப்பிரிவு ஒன்றை அமைத்தார். மம்லூக்கியர் முணுமுணுத்ததால் அது வளராமல் கிடந்தது. அவ்வாண்டிலேயே மரம் ஏற்றி வந்த கப்பல்களை ரோட்ஸ் வீரர்கள் மீண்டும் அழித்தனர். உஸ்மானிய ஸுல்தான் இரண்டாம் பாயஸீத் பீரங்கிகளையும் வெடிமருந்தையும் மரத்தையும் அனுப்பி உதவினார். 1515இல் இரண்டாவது கடற்படை புறப்பட்டது. அது இந்தியாவை எட்டவேயில்லை. யெமனில் இன்னொரு முஸ்லிம் ஆட்சியாளரோடு போரிட்டுக் காலத்தைக் கழித்தது. 1516 ஆகஸ்ட் 24ஆம் திகதி மர்ஜ் தாபிக்கில், உதவி செய்த பாயஸீதின் மகன் ஸலீமின் பீரங்கிகளுக்கு முன்னால் அல்கூரியே உயிரிழந்தார். அடுத்த ஆண்டு மம்லூக் ஆட்சி மறைந்தது.

இத்தனை தோல்விகளுக்கிடையே ஒன்று நிலைத்தது. அதுதான் அமீர் ஹுஸைன் ஜித்தாவுக்குக் கட்டிய மதில். அதற்காக மக்களிடம் கடுமையாக வரி பெறப்பட்டது. வேலைக்குப் பலரும் வற்புறுத்தப்பட்டனர். அவரை அக்காலத்து ஜித்தாவாசிகள் வாழ்த்தியிருக்கமாட்டார்கள். 1517இல் போர்த்துக்கேய ஆளுநர் லோப்போ சோரெஸ் பெருங்கப்பற்படையுடன் செங்கடலுக்குள் நுழைந்து ஜித்தாவின் முன்னால் நங்கூரமிட்டார். பாறைகள் நிறைந்த குறுகிய வழி, கரையிலே மதில், மதிலுக்குப் பின்னால் உஸ்மானிய மாலுமி ஸல்மான் ரெயிஸின் பீரங்கிகள். சில நாட்கள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வீரனையும் கரையிறக்காமல் அவர் திரும்பிச் சென்றார். மக்காவின் வாசல் காக்கப்பட்டது. மதிலைக் கட்டிய அமீர் ஹுஸைனோ ஆட்சி மாறிய அந்நாட்களில் கடலில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார்.

ஜித்தாவிலிருந்து திரும்பிய அதே லோப்போ சோரெஸ் 1518இல் இன்னொரு துறைமுகத்துக்கு வந்தார். அது கொழும்பு. லொரென்சோ வந்து சென்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன. அங்கே கறுவாக் களஞ்சியங்கள் இருந்தன, முஸ்லிம் வணிகர்களின் வீடுகள் இருந்தன, கோட்டே மன்னரின் ஆட்களும் இருந்தார்கள். மதில் இருக்கவில்லை. மன்னர் முதலில் கோட்டை கட்ட இணங்கினார். பின்னர் வணிகர்களின் சொல்லைக் கேட்டு எதிர்த்தார். அவசரமாக எழுப்பிய மரவேலிகள் பீரங்கிக்கு முன் நிற்கவில்லை. ஆண்டுதோறும் கறுவாவும் மோதிரங்களும் யானைகளும் திறையாகக் கொடுக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. கல்லாலும் களிமண்ணாலும் ஆன சிறிய கோட்டையொன்று கொழும்புத் துறையின் முனையில் எழுந்தது.